முன்னெதிர்பார்ப்பும் வாசக நீதியும்

புகழ்பெற்ற நூலொன்றை எவரும் வெறுமையான மனத்துடன் திறப்பதில்லை. ஆசிரியர் கூறியவை, நண்பர் வியந்தவை, இலக்கிய வரலாறு சூட்டிய பட்டங்கள் யாவும் முதற்பக்கத்துக்கு முன்னரே வாசகனை வந்தடைகின்றன. அற்புதக் கதைகளைப் பொறுத்தவரை இது இன்னும் கூடுதலான உண்மையாகும். ஒருவன் பெருவியப்பை எதிர்பார்க்கிறான். மற்றொருவன் இது சிறுவர்க்குரியதென முன்பே ஒதுக்கிவிடுகிறான். இவ்வாறு முன்னரே வகுத்த எதிர்பார்ப்புடன் நூலை அணுகுதல் நீதியாகுமா? இது சுவை பற்றிய வினா மட்டுமன்று. ஒழுக்கம் பற்றிய வினாவுமாகும்.

இவ்வினாவுக்கு ஈழத்திலேயே தக்க சான்றுண்டு. திருகோணமலையைச் சேர்ந்த எஸ். இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’ 1891இல் வெளிவந்தது. ஐரோப்பாவில் நெடுங்காலம் வழங்கிய ஓர்சன், வலன்டைன் கதையின் தமிழ் வடிவம் அது. 1489இல் பிரெஞ்சு மொழியில் அச்சேறிய அம்மூலக்கதை, காட்டிலே பிரிந்துபோன இரட்டைச் சகோதரரைப் பற்றியது. ஒருவன் அரச மாளிகையில் வளர்கிறான். மற்றவனைக் கரடி வளர்க்கிறது.

இந்நூல் பல காலம் ஈழத்தின் முதல் தமிழ் நாவலெனக் கருதப்பட்டது. களுபோவிலவில் வாழும் மாணவனொருவன் அப்பட்டத்தை நம்பி இதனைத் தேடிப் படிப்பதாகக் கொள்வோம். அவன் எதிர்பார்ப்பது நாவல். காண்பதோ கரடியும் வனமனிதனும் உலவும் அற்புத உலகம். ஏமாற்றமடைந்து நூலைக் குறைகூறுவான். ஆனால் அங்கே பிழைத்தது நூலா, பெயர்ப்பலகையா?

பின்னர், 1885இல் வெளிவந்த சித்திலெப்பையின் ‘அசன்பேயுடைய கதை’யே முந்தியது என்பது நிலைபெற்றது. அதனால் இன்னாசித்தம்பியின் நூலில் ஓர் எழுத்தும் மாறிவிடவில்லை. ஆயினும் அதன்மீதான மதிப்புக் குறைந்தது. அதுவரை மதிக்கப்பட்டது நூலன்று, ‘முதல்’ என்ற சொல்லே என்பது இதனாற் புலனாகும்.

அவ்வாறாயின் எதிர்பார்ப்பை முற்றாகத் துறத்தல் வேண்டுமோ? அது இயலாது. முன்கருத்தின்றிப் புரிதலே தொடங்காதென்பதை ஜெர்மானிய மெய்யியலாளர் கடாமர் 1960இல் விரிவாக நிறுவினார். 1891ஆம் ஆண்டின் வாசகனும் ஓர் எதிர்பார்ப்புடனேயே வந்தான். விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராஜன் கதையும் கேட்டுப் பழகிய அவனுக்கு அற்புதம் குறையாகத் தோன்றியிராது. க. கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968) நாவலை யதார்த்த நெறியோடும் சமுதாய மாற்றத்தோடும் இணைத்து நோக்கியது. நாவலின் வரலாற்றை அறிய அவ்வளவுகோல் இன்றியமையாதது. அற்புதக் கதையின் பெறுமதியை அறிவதற்கோ வேறோர் அளவுகோல் வேண்டும். அத்தகைய கதை தான் படைத்த உலகின் விதிகளுக்கு உண்மையாய் இருத்தல் வேண்டுமென, 1939இல் சென் அன்றூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் டொல்கீன் வற்புறுத்தினார்.

எனவே எதிர்பார்த்தல் குற்றமன்று. எதிர்பார்ப்பைத் திருத்திக்கொள்ள மறுத்தலே குற்றம். களுபோவிலப் போதனா வைத்தியசாலைக்கு நோயாளி ஒருவர் கொண்டுவரும் குறிப்பை வைத்தியர் முதலிற் படிக்கிறார். அது தேவையானதே. ஆனால் நோயாளியைப் பரிசோதித்த பின்னரும் குறிப்பையே நம்பும் வைத்தியர் தம் கடமையில் தவறியவராவார்.

ஊசோனின் கதைப்பொருளும் இதுவே. வலன்டைன் கொடிய விலங்கை எதிர்பார்த்தே காட்டினுட் புகுகிறான். வனமனிதனைப் போரில் வென்று அரசவைக்கு அழைத்து வருகிறான். தான் வென்றது உடன்பிறந்தானை என்பதைப் பின்னரே அறிகிறான். முதற்கணிப்பே முடிவாக நின்றிருந்தால் சகோதரனைக் கொன்ற பழியே அவனுக்கு எஞ்சியிருக்கும்.

நூலுக்குரிய நீதியும் மனிதனுக்குரிய நீதியும் வேறுவேறல்ல. பெயரையும் மொழியையும் கொண்டே மனிதரைத் தரம்பிரித்ததன் கொடும்பயனை 1983 யூலையில் கொழும்பு வீதிகள் கண்டன. வாசிப்பு மட்டுமே அத்தகைய கேட்டைத் தடுத்துவிடும் எனக் கூறுதல் மிகையாகும். எனினும், தன் முதற்கணிப்புப் பிழையென்று நூலொன்றின் முன் ஒப்புக்கொள்ளப் பழகிய மனம், மனிதர் முன்னும் அதனை ஒப்புக்கொள்ள ஓரளவேனும் ஆயத்தமாயிருக்கும். பல்கலைக்கழகம் அளிக்கும் கல்வியிலிருந்து எதிர்பார்க்கத்தக்கது இதனினும் குறைந்ததாயிருத்தல் தகாது.