பழைய ஏர்கோனும் பக்கத்து வீட்டுச் சூடும்

நண்பர் ஒருவர் பழைய ஏர்கோன் வாங்கலாமா என்று கேட்டார். செராஸ் பக்கம் பழைய அடுக்குமாடி, இவர்கள் வீடு உச்சி மாடியில். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட், நடுராத்திரி தாண்டியும் அதைக் கக்கிக்கொண்டே இருக்கும். அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். "காத்தாடி போட்டா அனல்தான் வருது. அம்மா சரியா தூங்கி நாளாச்சு. 1 எச்பி, புதுசு விலையில பாதிகூட இல்ல. எடுக்கலாமா?"

காசுக் கணக்கு மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் இந்தக் கேள்விக்குள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்: விற்பவரும் பக்கத்து வீட்டுக்காரரும்.

பழையதை வாங்குவது நல்ல காரியம் என்று நமக்கு ஓர் எண்ணம் உண்டு. செய்து முடித்த பொருள்தானே, குப்பைக்குப் போவதைத் தடுக்கிறோமே என்று தோன்றும். புத்தகத்துக்கும் மேசைக்கும் அது பொருந்தும். ஏர்கோன் அப்படியில்லை. அதன் பாரம் செய்ததில் இருப்பதைவிட ஓடுவதில்தான் அதிகம். இன்வெர்ட்டர் இல்லாத பழைய பெட்டி அதே குளிருக்குக் கூடுதல் மின்சாரம் தின்னும். கடையில் மிச்சமான வெள்ளியை மாதாமாதம் கரண்டு பில்லில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டவேண்டி வரும். கையில் காசு குறைவாக இருப்பவர்தான் இப்படிச் சுற்றிவளைத்து அதிகம் கட்டுகிறார்.

"அப்போ வாங்கவே வேணாம், பூமி சூடாகுது" என்பார்கள் சிலர். பெரும்பாலும் ஏர்கோன் அறையில் உட்கார்ந்துதான் சொல்வார்கள். வில்லிஸ் கேரியர் 1902இல் இந்த இயந்திரத்தை வடிவமைத்தது மனிதருக்காக இல்லை, நியூயார்க்கில் ஓர் அச்சகத்துக் காகிதத்துக்காக. ஈரக்காற்றில் காகிதம் விரிந்து வண்ணங்கள் இடம் மாறி அச்சாயின. அதைத் தடுக்கத்தான் வந்தது. 1959இல் பிரதமரானதும் தாம் முதலில் செய்தவற்றுள் அரசு அலுவலகக் கட்டடங்களில் குளிரூட்டி பொருத்தியதும் ஒன்று என்று லீ குவான் இயூ பின்னாளில் சொல்லியிருக்கிறார். காகிதத்துக்குக் குளிர் வேண்டும் என்றபோது யாரும் அறம் பேசவில்லை. அலுவலகத்துக்கும் பேசவில்லை. பேரங்காடிக்குள் சுவெட்டர் போட்டு நடக்கும்போதும் நாம் பேசுவதில்லை. உச்சி மாடியில் ஒரு வயதானவர் தூங்க நினைக்கும்போது மட்டும் பூமியின் பாரத்தைக் கொண்டுவந்து அவர் தலையில் வைப்பது நியாயமாகப் படவில்லை.

ஆனாலும் அநியாயம் என்று சொல்லிவிட்டதால் சூடு காணாமல் போகாது. ஏர்கோன் குளிரை உண்டாக்குவதில்லை, சூட்டை இடம் மாற்றுகிறது. 1 எச்பி பெட்டி ஓர் அறையிலிருந்து சுமார் 2.6 கிலோவாட் வெப்பத்தை எடுக்கும். தான் தின்ற மின்சாரத்தையும் சேர்த்து வெளியே 3 கிலோவாட்டுக்கு மேல் தள்ளும். நெருக்கமான அடுக்குமாடியில் 'வெளியே' என்பது இன்னொருவர் வீட்டு ஜன்னல். அவர் வீடு சூடாகிறது, அவரும் ஒன்று வாங்குகிறார். அவருடைய சூடு அடுத்த வீட்டுக்குப் போகிறது. கடைசியில் வாங்க முடியாத ஒருவர் வீட்டில்தான் அது நிற்கும்.

இன்னொன்று கேஸ். பழைய பெட்டிகளில் ஆர்22 இருக்கலாம். ஓசோனைக் கெடுப்பதால் 1987இன் மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் படிப்படியாக ஒழிக்கப்படுவது. அதற்குப் பின் வந்த ஆர்410ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் ஒரு கிலோ கசிந்தால் ஏறக்குறைய 2 டன் கரியமில வாயுவுக்குச் சமம். இப்போது வரும் ஆர்32 அதில் மூன்றில் ஒரு பங்கு.

கடைக்காரர் "கேஸ் புதுசா அடிச்சிருக்கேன் பாஸ்" என்று பெருமையாகச் சொல்வார். பெட்ரோல் மாதிரி கேஸ் தீர்ந்துபோகாது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. புதிதாக அடிக்க வேண்டியிருந்தது என்றால் பழையது எங்கோ கசிந்தது, அல்லது கழற்றும்போது திறந்துவிட்டார்கள். கழற்றுமுன் கம்பிரசரை ஓடவிட்டு, வால்வை அடைத்து, கேஸை வெளிப்பெட்டிக்குள் இழுத்து அடைக்க முடியும். அவசரக்காரர்கள் குழாயை வெட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

பழைய பொருள் சந்தையில் விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது என்பதை, பழைய கார்களை வைத்து 1970இல் ஜார்ஜ் அக்கர்லோஃப் விளக்கினார். அவர் பார்த்தது ஏமாறும் வாங்குபவரை. எனக்கு உறுத்துவது வேறு: தெரிந்துகொள்ள விரும்பாத வாங்குபவர். விலை மலிவு, அதனால் கேள்வி கேட்பதில்லை. சொல்லாதது விற்பவரின் குற்றம் என்றால் கேட்காததில் நமக்கும் பங்கு உண்டு. தெரியாமல் இருப்பது சில நேரம் நாமே தேடிக்கொள்ளும் வசதி.

ஆகவே என் பதில்: வாங்கலாம். அம்மாவின் தூக்கம் சொகுசு இல்லை. ஆனால் கேட்டுவிட்டு வாங்கவேண்டும். என்ன கேஸ்? எதுக்கு விக்கிறாங்க? எப்படிக் கழட்டுனாங்க? ஆர்22 என்றால் வேண்டாம். பதில் மழுப்பலாக வந்தால் இன்னும் சில மாதம் சேர்த்து, நட்சத்திரம் கூடுதலான சின்னப் பெட்டியைப் புதிதாகவே எடுக்கலாம். வெளிப்பெட்டி எந்தப் பக்கம் பார்க்கப்போகிறது என்பதைப் பொருத்த வருகிறவர் முடிவு செய்யக் கூடாது. அதற்குப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிப் பேசவேண்டும்.

இதையெல்லாம் சொன்னேன். நண்பர் சிரித்தார். "கடைக்காரன்கிட்ட கேக்குறதுகூட ஈசி. பக்கத்து வீட்டுல கேக்குறதுதான் கஷ்டம்."