சத்தியம் உனக்கு ஒன்று, எனக்கு ஒன்றா?

இந்தச் செய்தியை வாசிக்கும் முன் யோவான் 18:33 முதல் 38 வரையும், அப்போஸ்தலர் 17-ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியையும் ஒருதரம் வாசித்துவிடுங்கள். வேதத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு படித்தால் இன்னும் நல்லது.

என் வீட்டில் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். என் மூத்த மகள் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனத்துக்கு வருஷாவருஷம் பரிசு வாங்கிய பிள்ளை. போன உபவாச ஜெப வாரத்தில், குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்திருக்கும்போது அவள் முறை வந்தது. வேதத்தைத் திறக்காமலே சொன்னாள்: "அப்பா, நீங்க நம்புறது உங்களுக்கு உண்மை. அதை நான் குறையே சொல்லல. ஆனா அதுவே எனக்கும் உண்மையா இருக்கணும்னு ஏன் சொல்றீங்க?"

நான் என்ன செய்திருக்க வேண்டும்? கேட்டிருக்க வேண்டும். செய்யவில்லை. சத்தம் போட்டேன். இது பிசாசின் ஆவி, படிப்பு என்கிற பெயரில் வீட்டுக்குள் வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன். மூன்று நாள் அவள் ஜெபத்துக்கு வரவில்லை. மூன்றாம் நாள் இரவு என் மனைவி சொன்னாள், "பதில் தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. பிள்ளையை ஏன் பிசாசுங்கிறீங்க?" பிரியமானவர்களே, இருபது வருஷ ஊழியத்தில் எத்தனையோ பேர் என்னைக் கண்டித்திருக்கிறார்கள். அன்றைக்குக் குத்தப்பட்டதுபோல் நான் என்றும் குத்தப்பட்டதில்லை.

மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளுடைய புத்தகங்களையே எடுத்து, அவளையே கூட வைத்துக்கொண்டு வாசித்தேன். வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்தபோது, விசுவாசத்தை எதிர்ப்பவர்களுக்கு எப்படிப் பதில் சொல்வது என்று எங்களுக்கு ஒரு பாடம் இருந்தது. காலியான கல்லறைக்கு ஆதாரம், தீர்க்கதரிசனம் நிறைவேறியதற்கு ஆதாரம், இப்படி அடுக்கிக்கொண்டே போவோம். அந்தப் பிள்ளை ஆதாரமே கேட்கவில்லையே! ஆதாரம் காட்டினாலும், "சரிப்பா, உங்களுக்கு அது ஆதாரம்" என்று அமைதியாகச் சொல்வாள். சண்டைக்கு வந்தால் சண்டை போடலாம். விலகி நின்று புன்னகைத்தால் என்ன செய்வது?

இதற்குப் பின்நவீனத்துவம் என்று பெயர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். அதற்கு முன் இருந்த நவீனத்துவம் என்ன சொன்னது? மனிதனுடைய அறிவு போதும், விஞ்ஞானம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும், உலகம் மேலே மேலே போய்க்கொண்டிருக்கிறது என்றது. அப்புறம் 1914-ல் ஒரு யுத்தம், 1939-ல் இன்னொரு யுத்தம். நன்றாகப் படித்த தேசங்களே விஷவாயு அறைகளைக் கட்டின. லியோத்தார் என்கிற பிரெஞ்சு அறிஞர், கனடாவின் கியூபெக் அரசாங்கத்தின் பல்கலைக்கழகக் குழு கேட்டுக்கொண்டபடி 1979-ல் ஓர் அறிக்கை எழுதினார். உலகம் முழுவதையும் விளக்குகிறோம் என்று சொல்லும் பெருங்கதைகளை இனி ஜனங்கள் நம்பத் தயாராயில்லை, அதுதான் இந்தக் காலத்தின் நிலை என்பது அவர் கருத்து. முன்னேற்றம் என்ற கதை, புரட்சி என்ற கதை, எல்லாம் அதில் அடக்கம். நம்முடைய இரட்சிப்பின் கதையையும் அதே கூடையில் போட்டுவிட்டார்கள்.

இங்கே நாம் அவசரப்படக்கூடாது. அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. என் மகள் படிக்கிற தெரிதா என்பவர் அல்ஜீரியாவில் பிறந்த யூதர். 1942-ல், பன்னிரண்டு வயதுப் பையனாக இருக்கும்போது, யூதன் என்ற ஒரே காரணத்துக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பினார்கள். பெரிய கதை சொல்லுகிறவர்கள் சின்னப் பிள்ளைகளை வாசலுக்கு வெளியே தள்ளுவதை அவர் கண்ணால் கண்டவர். சிலுவையின் பெயரைச் சொல்லிக்கொண்டு யூதர்களை அடித்த சரித்திரம் சபைக்கும் உண்டு, இல்லையென்று சொல்ல முடியாது. இப்படிப்பட்டவர்கள், "உண்மை என்று நீ சொல்வதெல்லாம் அதிகாரத்துக்காகத்தானே" என்று கேட்டால், முதலில் தலையைக் குனிந்துகொள்ள வேண்டியது நாம்தான்.

ஆனாலும் பிலாத்துவைப் பாருங்கள். சத்தியம் என்றால் என்ன என்று கேட்டான். கேட்டவன் பதிலுக்கு நிற்காமல் வெளியே போய்விட்டான். அந்த அரண்மனையில் அதிகாரம் யாரிடம் இருந்தது? கேள்வி கேட்டவனிடம். சத்தியம் யாரிடம் இருந்தது? கைகள் கட்டப்பட்டு நின்றவரிடம். மற்ற பெருங்கதைகளில் கதாநாயகன் எதிரியைக் கொல்லுவான். நம்முடைய கதையின் நடுவில் இருக்கிறவரோ கொல்லப்பட்டவர், கொன்றவர்களுக்காக ஜெபித்தவர். இதை லியோத்தாருடைய கூடையில் போட்டால் அது கூடைக்குள் அடங்காது. அல்லேலூயா!

இதைப் பற்றித் தேடும்போது, கர்த்தர் ஒரு பழைய ஊழியக்காரரை எனக்கு ஞாபகப்படுத்தினார். லெஸ்லி நியூபிகின். இங்கிலாந்துக்காரர், ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மிஷனரியாக 1936-ல் சென்னைக்கு வந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே பஸ் விபத்தில் கால் நொறுங்கி ஊர் திரும்பினார். 1939-ல் மறுபடியும் வந்தார். காஞ்சிபுரத்தில் ஊழியம் செய்தார், தமிழில் பிரசங்கித்தார். 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை இராமநாதபுரம் பகுதிக்கு முதல் பேராயர். 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயர். பேராயர் என்றதும் நம்மில் சிலர் முகத்தைத் திருப்புவீர்கள். கொஞ்சம் பொறுங்கள். சபை என்றால் ஒன்று கத்தோலிக்கம், இல்லையென்றால் புராட்டஸ்டண்ட் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த காலத்தில், மூன்றாவதாகப் பரிசுத்த ஆவியின் வல்லமையைச் சொல்லும் பெந்தெகொஸ்தே ஓடை ஒன்று உண்டு, அதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 1953-ல் வந்த புத்தகத்தில் எழுதியவர் அவர். நம்மைத் தெருவில் வைத்துக் கேலி பேசிய காலம் அது.

காஞ்சிபுரத்தில் இருந்தபோது வாரத்தில் ஒரு மாலை இராமகிருஷ்ண மடத்துக்குப் போய், துறவிகளோடு தரையில் உட்கார்ந்து உபநிஷதமும் சுவிசேஷமும் மாறி மாறிப் படிப்பாராம். அங்கே பெரிய கூடத்தில் மதகுருக்களின் படங்கள் வரிசையாக இருக்கும்; இயேசுவின் படமும் ஒன்று. கிறிஸ்துமஸ் அன்று அதற்கு ஆராதனை நடக்கும். அவர்கள் அன்பாகத்தான் செய்தார்கள். ஆனால் இயேசு அங்கே வரிசையில் ஒருவர், அவ்வளவுதான். அவர்களுடைய பழைய கதைக்குள்ளேயே அவருக்கு ஓர் இடம் கொடுத்துவிட்டார்கள், கதை மாறவில்லை. நியூபிகின் இதைக் கண்டுகொண்டார். ரொம்ப நாள் கழித்துத்தான் இன்னொன்றும் புரிந்ததாம்: என் சொந்த தேசமும் இதையே செய்திருக்கிறது, நானும் செய்திருக்கிறேன், மேற்கத்திய அறிவின் கூடத்தில் நாங்களும் இயேசுவை ஒரு படமாக மாட்டியிருக்கிறோம் என்று.

1974-ல் ஓய்வுபெற்று, மனைவியோடு இரண்டு பெட்டிகளும் ஒரு முதுகுப்பையுமாக, கிடைத்த பஸ்ஸைப் பிடித்துத் தரைமார்க்கமாகவே இங்கிலாந்துக்குப் போனார். வழியில் கப்பத்தோக்கியா. 1 பேதுரு முதல் வசனத்தில் வருகிறதே, அந்த நாடு. பெரிய பெரிய சபைப் பிதாக்கள் எழும்பின மண். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேர்ந்து ஆராதிக்க ஒரு கிறிஸ்தவர்கூடக் கிடைக்காமல், புருஷனும் மனைவியும் தனியாக ஆராதித்தார்களாம். இதை வாசித்தபோது எனக்கு நடுக்கம் வந்தது. நம் ஊர்ச் சபைகளுக்கு மட்டும் அப்படி ஆகாது என்று யார் சொன்னது?

இங்கிலாந்து போனபிறகு, இந்தியாவிலிருந்து வந்ததில் எது ரொம்பக் கஷ்டம் என்று கேட்டிருக்கிறார்கள். நம்பிக்கை இல்லாமல் போனதுதான் என்றார். சென்னைக் குடிசைகளில்கூட நாளைக்கு நிலைமை மாறும் என்று ஜனங்கள் எதிர்பார்த்தார்கள், இங்கே அது இல்லை என்றார். எதிர்ப்பைத் தாங்கலாம், சுவிசேஷத்தைப் பற்றிய குளிர்ந்த அலட்சியத்தைத் தாங்குவது கடினம் என்பதும் அவர் அனுபவம். என் வீட்டு ஹாலில் நான் கண்டது அதேதான்.

யானையைத் தடவின குருடர்கள் கதை நமக்கெல்லாம் தெரியும். ஒருவன் தூண் என்றான், ஒருவன் முறம் என்றான். ஆளுக்குக் கொஞ்சம் உண்மை, ஆகவே சண்டை வேண்டாம் என்பார்கள். நியூபிகின் 1989-ல் வந்த புத்தகத்தில் ஒரு கேள்வியைத் திருப்பிப் போட்டார். இந்தக் கதையைச் சொல்லுகிறவன் யார்? கண் தெரிகிற ராஜா! முழு யானையையும் பார்த்தவனால்தான் மற்றவர்கள் எல்லாரும் குருடர்கள் என்று சொல்ல முடியும். ஒருவருக்கும் முழு உண்மை தெரியாது என்பது தாழ்மையான பேச்சாகக் கேட்கிறது. உள்ளே பார்த்தால், எல்லாருக்கும் மேலே உட்கார்ந்து பேசுகிற பேச்சு அது. இதை மகளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இது நல்ல பாயிண்ட்தான்" என்றாள். உடனே, "ஆனா உங்க பிரசங்கத்துலயும் நீங்க ராஜா மாதிரிதானேப்பா பேசுறீங்க?" என்றாள். கர்த்தர் கழுதையைக் கொண்டும் பேசுவார். பெற்ற மகளைக் கொண்டு பேசமாட்டாரா!

பவுல் அத்தேனே பட்டணத்தில் ராஜா மாதிரிப் பேசவில்லை. ஊரைச் சுற்றிப் பார்த்தார், அவர்களுடைய பலிபீடத்தை வாசித்தார், அவர்களுடைய கவிஞர்களையே எடுத்துப் பேசினார். ஆனால் உயிர்த்தெழுதலை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. சிலர் பரிகாசம்பண்ணினார்கள், சிலர் பிறகு கேட்கிறோம் என்றார்கள். தியொனீசியு, தாமரி, இன்னும் சிலர் விசுவாசித்தார்கள். அவர் கண்டதைச் சொன்னார். சாட்சி என்றால் அதுதானே? கோர்ட்டில் சாட்சிக்காரன் நீதிபதி நாற்காலியில் உட்காருவதில்லை. அதற்காக, "எனக்கு மட்டும் அப்படித் தெரிந்தது ஐயா" என்றும் சொல்லமாட்டான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், சபையார் வருத்தப்படக்கூடாது. பின்நவீனத்துவம் காலேஜில்தான் இருக்கிறது என்று நினைக்கிறோம். வருஷப்பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோமே, அங்கே அது இல்லையா? எரேமியா 29:11 வந்தால் சந்தோஷத்தில் குதிக்கிறோம். பத்தாம் வசனத்தில் எழுபது வருஷம் பாபிலோனில் இருக்க வேண்டும் என்று இருக்கிறதே, அந்த அட்டையை யாராவது அச்சடித்ததுண்டா? "இந்த வசனம் எனக்கு இப்படிப் பேசிச்சு" என்கிறோம். எழுதினவர் யாருக்கு எழுதினார், ஆவியானவர் என்ன சொன்னார் என்று கேட்பதில்லை. வாசகன் வைத்ததே அர்த்தம் என்று காலேஜில் சொன்னால் சாபம், சபையில் சொன்னால் வெளிப்பாடா? அட்டையை நிறுத்தச் சொல்லவில்லை. எடுத்த வசனத்தின் அதிகாரம் முழுவதையும் அன்றைக்கே வீட்டில் வாசிக்க வேண்டும் என்று சொல்லுகிறேன்.

நியூபிகின் எழுபது வயதுக்குமேல் என்ன செய்தார் தெரியுமா? பர்மிங்காமில் வின்சன் கிரீன் என்ற ஏழைப்பகுதி, ஜெயில் வாசலுக்கு எதிரே ஒரு சின்ன சபை. மூடிவிடலாம் என்று பேச்சு வந்தது. பேராயராக இருந்தவர், சம்பளம் வாங்காமல் தானே அதற்குப் போதகராகப் போனார். சுவிசேஷத்தை விசுவாசித்து அதன்படி நடக்கிற ஒரு சபைதான் சுவிசேஷத்துக்கு விளக்கவுரை என்று எழுதினவர், அங்கே இருந்துகொண்டுதான் எழுதினார். கடைசி நாட்களில் கண்பார்வை மங்கிவிட்டது, மற்றவர்கள் வாசித்துக் காட்டக் கேட்டார். 1998 ஜனவரியில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

மகள் எனக்குக் காட்டின ஒரு விஷயத்தையும் எழுதுகிறேன். தெரிதா சிறுபிள்ளையாக அல்ஜியர்ஸில் குடியிருந்த தெருவுக்கு அகுஸ்தீன் பெயராம். அகுஸ்தீனும் அந்த நாட்டு மண்ணில் 354-ல் பிறந்தவர். தாய் மோனிக்காவின் கண்ணீர் ஜெபத்தினால் 386-ல் மிலான் நகரத் தோட்டத்தில் மனந்திரும்பினவர். தன் சாட்சியைப் புத்தகமாகவே எழுதினவர். தெரிதாவின் தாய் பிரான்ஸில் நீஸ் என்ற ஊரில் மரணப்படுக்கையில் கிடந்தபோது, அவர் அந்தப் பழைய சாட்சிப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நூல் எழுதினார், 1991-ல் வந்தது. தன்னை நாத்திகன் என்று மற்றவர்கள் நினைப்பது சரிதான் என்றும் அதில் சொல்கிறார், ஜெபத்தையும் கண்ணீரையும் பற்றியும் எழுதுகிறார். அவர் மனந்திரும்பினார் என்று நான் பொய்ச்சாட்சி சொல்லமாட்டேன். 2004-ல் இறந்துபோனார். பெருங்கதை வேண்டாம் என்ற கூட்டத்தில் ஒருவர், தாய் சாகும்போது யாருடைய புத்தகத்தைத் தேடினார் என்பதை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன்.

சென்ற மாதம் மகளுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நம் சபையில் வீடுகளில் பாத்திரம் தேய்த்துப் பிழைக்கிற விதவைத் தாயார் ஒருவர், நாலு இரவு அவள் கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்திருந்தார். பிரசங்கம் ஒன்றும் பண்ணவில்லை. கஞ்சி கொடுத்தார், ஜெபித்தார், காலையில் வேலைக்குப் போனார். வீட்டுக்கு வந்தபிறகு மகள் கேட்டாள், "எல்லாக் கதைக்குப் பின்னாடியும் ஒரு அதிகாரம் இருக்குன்னு படிக்கிறோம்பா. அந்த அம்மாவுக்கு என்ன அதிகாரம் இருக்கு?" நான் பதில் சொல்லவில்லை. இந்த முறை தெரிந்தே சொல்லவில்லை.

அவள் இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. ஆராதனைக்கு வருகிறாள், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் கடைசியில் உட்காருகிறாள். தயவுசெய்து யாரும் அவளிடம் போய், "எப்போம்மா மனந்திரும்புவே" என்று கேட்காதீர்கள். செவ்வாய்க்கிழமை இரவு நாங்கள் இரண்டுபேரும் உட்கார்ந்து வாசிக்கிறோம், அவளுடைய புத்தகத்தில் ஐந்து பக்கம், யோவான் சுவிசேஷத்தில் ஓர் அதிகாரம். இப்போது லாசருவின் கல்லறைக்கு வந்திருக்கிறோம். அன்றைக்கு எட்டரை மணிக்கு மேல் எனக்குப் போன் பண்ணாதீர்கள். அவசர ஜெபம் என்றால் பாஸ்டரம்மா நம்பருக்குக் கூப்பிடுங்கள்.