உறவா, உபாயமா?

தொழில் செய்யும் இடத்தில் உறவுகள் சுமுகமாக இருக்க வேண்டும் என்பதை மறுப்பவர் எவருமில்லை. அதிபர்களுக்கும் அலுவலர்களுக்கும் வங்கி ஊழியர்களுக்கும் 'ஆளுமை விருத்தி', 'முகாமைத்துவம்' என்னும் தலைப்புகளில் செயலமர்வுகள் நடந்தவண்ணமுள்ளன. பெயர் சொல்லி அழையுங்கள், குறுக்கிடாமல் கேளுங்கள், நாலுபேர் முன்னிலையில் பாராட்டுங்கள், தனிமையில் கண்டியுங்கள் என்றெல்லாம் அங்கு சொல்லித் தரப்படுகிறது. இவை யாவும் நல்லவையே. ஆயினும் இவற்றுக்குப் பின்னால் ஓர் ஒழுக்கவியல் வினா நிற்கிறது. வேலை கூடுதலாக நடக்க வேண்டும் என்பதற்காக ஒருவர் மீது காட்டப்படும் அன்பு, அன்புதானா?

இவ்வினாவுக்கு ஒரு வரலாறு உண்டு. 1911இல் அமெரிக்கப் பொறியியலாளரான பிரெடரிக் டெய்லர் விஞ்ஞான முகாமைத்துவம் பற்றிய தமது நூலை வெளியிட்டார். நிறுத்தற் கடிகாரத்தால் தொழிலாளியின் அசைவுகளை அளந்து, வீணானவற்றைக் களைந்து, சிறந்த முறை எதுவென வகுப்பது அவரது வழி. அதில் தொழிலாளியின் கை அளக்கப்பட்டது. மனம் கணக்கில் வரவில்லை.

அம்மனத்தைக் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் இடம், சிக்காகோ நகரை அடுத்திருந்த ஹோதோர்ன் தொழிற்சாலை. தொலைபேசிக் கருவிகள் செய்த அங்கு, வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்ற ஆய்வு 1924இல் தொடங்கியது. 1927இல் 'ரிலே' என்னும் உறுப்பைப் பொருத்தும் பெண்கள் சிலரைத் தனியறையில் இருத்தி, இடைவேளையையும் வேலை நேரத்தையும் மாற்றிப் பார்த்தனர். உற்பத்தி உயர்ந்தது. தம்மைக் கவனிக்கிறார்கள், தம் அபிப்பிராயத்தைக் கேட்கிறார்கள் என்ற உணர்வே காரணம் என ஹார்வர்ட் பேராசிரியர் எல்டன் மேயோவும் அவரைச் சார்ந்தோரும் விளக்கினர். மனித உறவுகள் பற்றிய முகாமைத்துவச் சிந்தனை இங்கிருந்தே செல்வாக்குப் பெற்றது.

ஆனால் பாடநூல்கள் பலவற்றில் இடம்பெறாத ஒரு செய்தியும் உண்டு. அவ்வறையிலிருந்த பெண்களில் இருவர், அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று 1928இன் தொடக்கத்தில் அங்கிருந்து அகற்றப்பட்டு, வேறு இருவர் அமர்த்தப்பட்டனர். ஊழியருக்குச் செவிசாய்த்த கதையாக உலகம் போற்றும் அறையிலிருந்தே, பேசியதற்காக இருவர் வெளியேறியிருக்கின்றனர். உபாயமாகக் கைக்கொள்ளப்படும் அன்பின் எல்லை எதுவென்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. பயன் தரும்வரை கேட்பார்கள். பயன் குறையும்போது கதவு திறக்கும்.

இதனை நமது சூழலில் வைத்து நோக்குவோம். ஒரு சிறு கிராமப் பாடசாலை. அன்று மூன்று ஆசிரியர்கள் வரவில்லை. பதில் பாடவேளைகளை எவருக்குக் கொடுப்பது? மறுத்துப் பேசுபவரிடம் அதிபர் போகமாட்டார். மறுக்கத் தெரியாத இளம் ஆசிரியையிடம் சிரித்த முகத்துடன் போவார். "டீச்சர், உங்களப் போல பொறுமையானவங்க இல்லாட்டி இந்த ஸ்கூல் நடக்குமா?" என்பார். செயலமர்வில் கற்றபடி அவர் பாராட்டிவிட்டார். ஆனால் அந்தப் பாராட்டு, அநீதியான ஒரு பங்கீட்டின் மேல் பூசிய சுண்ணாம்பு. அந்த ஆசிரியைக்கு வேண்டியது புகழ்ச்சியன்று, சுவரில் எல்லோரும் காணத்தக்கதாய்த் தொங்கும் ஒரு முறைப்பட்டியல். இந்நிலையில் அவரிடமே 'ஆளுமையை வளர்த்துக்கொள்ளுங்கள், சகிக்கப் பழகுங்கள்' என்பது, பாரம் சுமப்பவனுக்கு முதுகை வளைக்கக் கற்றுக் கொடுப்பதாகும்.

அப்படியாயின் உறவை வளர்க்கும் பயிற்சிகள் யாவும் பாசாங்குதானா? அவ்வாறு முடிவு கட்டுவதும் அவசரமே. மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தலாகாது, அவர் தம்மளவிலேயே ஓர் இலக்கு என்றார் கான்ற். இந்த அளவுகோல் மிகச் சரியானது. ஆனால் கருவியாகவும் கொள்ளாமல் எந்தத் தொழிலும் நடவாது. அதிபருக்கு ஆசிரியர் தேவை. ஆசிரியருக்குச் சம்பளம் தேவை. 'வெறும்', 'மட்டும்' என்ற சொற்களிலேதான் விடயம் இருக்கிறது. அரிஸ்டோட்டில் மறுபுறத்தைக் காட்டுகிறார். நீதியான செயல்களைச் செய்து செய்தே ஒருவன் நீதிமானாகிறான் என்பது அவர் கருத்து. முதலில் பயிற்சிக்காகக் கேட்கத் தொடங்கியவர், கேட்டுக் கேட்டு, ஒருநாள் உண்மையிலேயே கேட்பவராக மாறலாம். நாம் சிறுவர்களுக்கு 'நன்றி' சொல்லப் பழக்குவதும் இந்த நம்பிக்கையில்தானே.

ஆகவே, தொடக்கம் உபாயமா என்பதைவிட, அது எங்கே போய் முடிகிறது என்பதே கேட்கவேண்டிய கேள்வி. இதனை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. கேட்பதால் தமக்கு நட்டம் வரும் வேளையில் தலைமை என்ன செய்கிறது? ஊழியரின் முறைப்பாடு நியாயமானது என்று கண்டபின் தன் முடிவை மாற்றுமா, அல்லது இனிமையாகப் பேசி அனுப்பிவிடுமா?

அமெரிக்கச் சிந்தனையாளர் மேரி பார்க்கர் பொலெற் (1868–1933) பிறர் மீது செலுத்தும் அதிகாரத்தையும், பிறரோடு சேர்ந்து ஆளும் அதிகாரத்தையும் வேறுபடுத்தினார். நூலகம் ஒன்றில் நிகழ்ந்ததை அவர் உதாரணமாகக் கூறுவார். உடனிருந்தவர் ஜன்னலைத் திறக்க விரும்பினார். பொலெற் மூடிவைக்க விரும்பினார். ஆளில்லாத பக்கத்து அறையின் ஜன்னல் திறக்கப்பட்டது. அவருக்குக் காற்று கிடைத்தது. இவர்மீது வாடைக்காற்று வீசவில்லை. எவரும் தோற்கவுமில்லை, விட்டுக்கொடுத்ததாக மனம் குமையவுமில்லை. அதற்கு இருவரும் தத்தம் பிடிவாதத்துக்கு அடியில் கிடந்த உண்மைத் தேவையை வெளியே சொல்ல வேண்டியிருந்தது. அச்சமின்றிச் சொல்லக்கூடிய இடத்திலேதான் அது இயலும்.

அந்த அச்சமின்மையை உருவாக்குவது நல்ல முகாமைத்துவம். அதைப் பயன்படுத்தி, கோபமின்றியும் கூழைக்கும்பிடின்றியும் பேசக் கற்றுக்கொள்வது ஆளுமை விருத்தி. ஒன்று மேலிருப்பவரின் கடமை. மற்றது எல்லோரினதும் கடமை. முன்னதைச் செய்யாமல் பின்னதை மட்டும் கேட்கும் தலைமைக்குப் புன்னகைகள் கிடைக்கும், உறவு கிடைக்காது.