பாண்டியன் குதிரையும் வாடகைக் காரும்

திருவண்ணாமலையின் செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டும் எவரும் கறுப்பு எண் பலகையில் மஞ்சள் எழுத்துப் போட்ட கார்களைப் பார்த்திருப்பார்கள். ஓட்டுநர் இல்லாமல், தாங்களே ஓட்டிக்கொள்ள வாடகைக்கு எடுத்த வண்டிகள் அவை. சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாக ஏறத்தாழ 200 கிலோமீட்டர். தாத்தா பாட்டியிலிருந்து பேரப்பிள்ளைகள் வரை ஒன்றாக வர வேண்டும் என்பதால் எர்டிகா போன்ற ஏழு இருக்கைக் காரைத்தான் பல குடும்பங்கள் தேடுகின்றன. ஆசிரமத்தில் தரிசனம் முடிந்து, முற்றத்து இலுப்பை மரத்தடிக்கு வந்ததும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "வந்தது வந்தோம், காரிலேயே மலையைச் சுற்றிவிட்டுப் போகலாமா?"

அப்படிச் சுற்றினால் அது கிரிவலம் ஆகுமா?

ஓட்டுவதற்குச் சிரமமான பாதை இல்லை. மொத்தம் 14 கிலோமீட்டர். எர்டிகாவின் 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜினுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. நடந்தால் நான்கு மணி நேரம் பிடிப்பதைக் கூட்டமில்லாத நாளில் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஆனால் வேகத்தடை, குறுக்கே வரும் மாடு, தார்ச் சாலையில் வெறுங்காலோடு நடக்கும் அடியார்கள் என்று இரண்டாவது கியரை விட்டு ஏற முடியாத இடங்கள் நிறைய.

வலம் வரும்போது மலை எப்போதும் வலக்கைப் பக்கம். நம் ஊர்க் காரில் ஓட்டுபவர் இருப்பதும் வலப்பக்கம்தான். ஆகவே அண்ணாமலைக்கு மிக அருகில் உள்ள ஜன்னல் அவருடையது. ஆனால் வண்டியில் மலையைப் பார்க்கக் கூடாதவரும் அவர் ஒருவரே. கண் சாலையில் இருந்தாக வேண்டும். இடப்பக்கம் இருப்பவர்களுக்கு அடிவாரம் தெரியும், காரின் கூரை சிகரத்தை மறைத்துவிடும். மூன்றாம் வரிசைப் பிள்ளைகளுக்கு முன்னிருக்கைகளின் முதுகுதான் தரிசனம். பாதையோர லிங்கக் கோயில்களை எமலிங்கம், நிருதிலிங்கம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடிப்பதற்குள் அவை பின்னால் போய்விடுகின்றன.

வாகனமா, காலா என்ற கேள்வி கார் வருவதற்கு வெகு காலம் முன்பே இந்த மலையடியில் எழுந்துவிட்டது. எல்லப்ப நாவலரின் அருணாசல புராணம் வச்சிராங்கத பாண்டியனின் கதையைச் சொல்கிறது. வேட்டைக்கு வந்த பாண்டியன் குதிரை மேல் இருந்தபடி ஒரு புனுகுப் பூனையைத் துரத்தினான். பூனை மலையைச் சுற்றி ஓடியது, குதிரையும் பின்னாலேயே ஓடியது. சுற்று முடிந்ததும் பூனை விழுந்து இறந்தது, குதிரையும் விழுந்தது. துர்வாசரின் சாபத்தால் விலங்குகளாகியிருந்த இருவரும் காந்திசாலி, கலாதரன் என்ற வித்தியாதரர்களாக எழுந்து நின்றார்கள். எனக்கு மட்டும் ஏன் ஒன்றும் கிட்டவில்லை என்று கேட்டான் மன்னன். நீ நடக்கவில்லையே என்பதுதான் பதில்.

இந்தக் கதையில் மூவருக்கும் பக்தி இல்லை. பூனைக்கு உயிர்ப் பயம், குதிரைக்குக் கடிவாளம், மன்னனுக்கு வேட்டை வெறி. சுற்றிய பாதையும் ஒன்றே. வேறுபாடு கால் நிலத்தில் பட்டதா இல்லையா என்பதில் மட்டுமே இருக்கிறது.

இங்கேதான் ரமணரைப் படித்தவருக்கு ஒரு தடை எழும். இந்த உடல் நான் அல்ல என்பது அவருடைய உபதேசத்தின் அடிப்படை. நான் உடல் அல்ல என்றால், உடல் நடந்தால் என்ன, காரில் உட்கார்ந்தால் என்ன? ஆனால் அந்த ரமணரே கிரிவலம் போகச் சொன்னார். அதுவும் நிறைமாதக் கர்ப்பிணியான ராணி நடப்பதுபோல மெல்ல நடக்க வேண்டும் என்ற பழைய மரபைச் சுட்டினார். உட்கார்ந்து தியானம் பழகாதவருக்கும் இந்த நடையில் மனம் தானாக அடங்கும் என்று அவர் சொன்னதை அடியார்கள் குறித்து வைத்திருக்கிறார்கள்.

இரண்டும் முரண் அல்ல. 'நான் யார்?' நூலில் அவர் ரயில் பயணி ஒருவனைக் காட்டுகிறார். பாரத்தையெல்லாம் ரயில் சுமக்கும்போது, தன் மூட்டையை மட்டும் எதற்குத் தலையில் வைத்துக்கொண்டு அவதிப்பட வேண்டும்? கார் ஓட்டுபவரால் அந்த மூட்டையை இறக்க முடியாது. பிரேக், ஹாரன், கண்ணாடி என்று கவனம் வெளியிலேயே நிற்க வேண்டும். வாடகை வண்டி என்றால், கீறல் விழுந்து முன்பணம் போய்விடுமோ என்ற கவலையும் கூடச் சேர்ந்துகொள்ளும். ஓட்டும்போது மனம் உள்ளே திரும்பினால் சாலையில் நடப்பவருக்கு ஆபத்து. நடப்பவருக்கோ ஓட்ட வேண்டியது எதுவும் இல்லை. உடல் தன் வேலையைத் தானே செய்துகொண்டு போகிறது. அதைச் செய்கிறவன் யார் என்று பார்க்க மனத்துக்கு நேரம் கிடைக்கிறது. உடல் நான் அல்ல என்று உட்கார்ந்து பேசுவது எளிது. பத்தாவது கிலோமீட்டரில் கால் வலிக்கும்போதுதான் அந்தக் கேள்விக்கு உயிர் வருகிறது.

வாகனம் பாவம் என்று இதற்குப் பொருள் இல்லை. ரமணரே 1896 செப்டம்பர் 1 அன்று ரயிலில்தான் இந்த ஊருக்கு வந்து இறங்கினார். 1950 ஏப்ரல் 14-இல் மகாநிர்வாணம் அடையும்வரை பிறகு ஊரை விட்டுப் போகவில்லை. வந்து சேர வண்டி வேண்டும். முழங்கால் தேய்ந்த பாட்டிக்கும் எழுந்து நிற்க முடியாத நோயாளிக்கும் கார் ஜன்னல் வழியே கிடைக்கும் தரிசனத்தைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமை இல்லை. அவர்களுக்கு அதுவே கிரிவலம்.

நடக்கத் தெம்புள்ளவர்களுக்கு அது கிரிவலம் ஆகாது. பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையில் வாகனங்களுக்கு அனுமதி இல்லாததால் அன்று இந்தக் கேள்வியே எழாது. மற்ற நாட்களில் பெரியவர்களைக் காரில் மெதுவாக ஒரு சுற்று அழைத்துப் போய் வாருங்கள். நடப்பவர்களின் முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடிக்காதீர்கள். பிறகு வண்டியைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, விடியற்காலை வெயில் ஏறுவதற்கு முன் ஆசிரம வாசலிலிருந்தே நடக்கத் தொடங்குங்கள்.