அங்கோரா முயல் வளர்க்கலாமா?

சென்ற மாதம் ஜும்ஆ முடிந்ததும், பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை பார்க்கும் வாலிபர் ஒருவர் என்னை நிறுத்தினார். "ஹஜ்ரத், அங்கோரா முயல் ஒரு ஜோடி வாங்கி மாடியில் வளர்க்கலாம்னு இருக்கேன். மார்க்கத்தில் கூடுமா?"

முயல் ஹலால். மர்ருள் ளஹ்ரானில் பிடித்த முயலை அபூதல்ஹா (ரலி) அறுத்துத் தொடையை அனுப்ப, நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டதாக அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். அதனிடம் உயிரோடு கத்தரித்த ரோமம் சுத்தமானது என்பதில் ஹனபி, ஷாபிஈ மத்ஹபுகளுக்குள் வேற்றுமையில்லை. ஆசைக்கு வளர்ப்பதும் குற்றமன்று. சிறுவர் அபூ உமைர் குருவி வளர்த்ததை நாயகம் (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை.

அவர் முகம் மலர்ந்தது. எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. "மாடியில் என்ன கூரை?" என்றேன். "தகரம்" என்றார்.

முயலுக்கு நம்மைப்போல் வியர்க்காது. காது வழியாகத்தான் பெரும்பாலும் சூட்டைத் தணிக்கும். அங்கோராவோ கம்பளி போர்த்திய பிராணி. நம் நாட்டில் குலு பக்கத்துக் குளிர்மலைகளில் வளர்ப்பது. சித்திரை வெயிலில் திருப்பூர்த் தகரத்தடியில் அது என்ன பாடுபடும்! பூனையைக் கட்டிப்போட்டு, தானும் தீனி கொடாமல், தேடித் தின்னவும் விடாத பெண்ணின் கதியை மிம்பரில் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம். தீனி வைத்துவிட்டால் மட்டும் பொறுப்புத் தீர்ந்ததா?

ரோமத்தை உயிரோடு பிய்த்தெடுக்கும் கொடுமை 2013-ல் படமாக வெளிவந்து, அயல்நாட்டுத் துணிக் கம்பெனிகள் பல அங்கோராவையே நிறுத்தின. அது அவருக்கும் தெரிந்திருந்தது. "நான் கத்தரிதான் போடுவேன் ஹஜ்ரத்." நம்புகிறேன்.

ஹராம் என்று நான் சொல்லவில்லை. கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையத்தில் முயலும் வளர்க்கிறார்கள். முதலில் அங்கே போய் விசாரியுங்கள், அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள் என்றேன்.