துண்டு வீசும் வரையில்



சில வாரங்களுக்கு முன் மாலைப் பூசை முடிந்தபின் ஒரு வாலிபர் கோயில் வாசலில் எனக்காகக் காத்து நின்றார். பனியன் கம்பெனியில் பவர் டேபிள் தைப்பவர். சொந்த ஊர் சிவகங்கைச் சீமை. ஊரில் கண்மாய் அழிகிறதாம். மூன்று நாள் லீவு போட்டு மீன் பிடிக்கப் போகிறாராம். கூட வேலை செய்கிறவர்கள் நகைக்கிறார்களாம்.

"மூணு நாள் சம்பளமும் பஸ் செலவும் போகுது, சாமி. அந்தக் காசுக்குச் சந்தையிலேயே கூடை மீன் வாங்கலாம்ங்கிறாங்க. நான் செய்யுறது பைத்தியக்காரத்தனமா?"

"போய் வா, தம்பி" என்று அனுப்பிவிட்டேன். ஆனால் அவர் கேட்ட கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. அதைப் பற்றியே இந்த வாரம் சிறிது சிந்திப்போம்.

அந்த மீன்பிடி எப்படி நடக்கிறதென்று நம்மில் பலருக்குத் தெரியும். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் நம் பங்கில் அநேகம். அறுவடை முடிந்து, வெயில் ஏறி, கண்மாயில் தண்ணீர் முழங்காலளவுக்கு வற்றும்போது ஊர்ப் பெரியவர்கள் கூடி நாள் குறிப்பார்கள். குறித்த நாளில் விடியுமுன்பே சுற்று வட்டாரத்தார் ஆயிரக்கணக்கில் கரையில் வந்து நிற்பார்கள். கையில் ஊத்தா, கச்சா, வலை, கூடை. ஒன்றுமில்லாதவன் கையில் பழைய சேலைத் துணி. கண்ணெதிரே விரால் துள்ளும். கெளுத்தி சேற்றைக் கலக்கும். ஆயினும் ஒருவரும் தண்ணீரில் கால் வைப்பதில்லை. பெரியவர் ஒருவர் கரையேறி வெள்ளைத் துண்டை வீசியபின்தான் அத்தனை பேரும் ஒரே மூச்சில் இறங்குவார்கள். சாதியும் மதமும் அங்கே கேட்பாரில்லை. அடியில்லாத கூடையாகிய ஊத்தாவைச் சேற்றில் குத்தி, மேல்வாய் வழியே கையை விட்டுத் துழாவுவார்கள். அகப்பட்ட மீனை விற்பதில்லை. வீட்டில் குழம்பு வைப்பார்கள், அகப்படாத அண்டை வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போகும்.

இதில் வியப்பு எது? மீன் பிடிப்பதிலன்று, பிடிக்காமல் நிற்பதிலேதான் இருக்கிறது. முந்தின இரவே ஒருவன் திருட்டுத்தனமாக வலை போட்டால் நல்ல விராலெல்லாம் அவனுக்கே. இருந்தும் ஊர் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பே கண்மாயைப் பொதுச் சொத்தாக்குகிறது. அது போய்விட்டால் தண்ணீரும் மீனும் இருக்கும். ஆனால் பொது என்பது இராது, முந்தினவன் சொத்தாகிவிடும்.

"எல்லாருக்கும் உரியது ஒருவருக்கும் உரியதன்று" என்று எண்ணுவது மனித சுபாவம். இந்த எண்ணம் பொதுச் சொத்தை அழித்தே தீரும் என்று காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க அறிஞர் 1968-ல் எழுதினார். ஆனால் எலினார் ஆஸ்ட்ரம் என்ற அம்மையார் பல நாடுகளின் மீன்பிடி நீர்களையும் பாசன வாய்க்கால்களையும் மேய்ச்சல் நிலங்களையும் ஆராய்ந்து, அவற்றை அனுபவிக்கிற மக்களே விதி வகுத்துப் பல தலைமுறை காத்து வந்ததை எடுத்துக் காட்டினார். அதற்காக 2009-ல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. வடநாட்டுக் குளிரிலும் இதே பாடம்தான். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஏரிகள் உறைந்து கல்லாகும். பனிக்கட்டியில் துளையிட்டுத் தூண்டில் போடுவார்கள். ஆளுக்கு இரண்டு தூண்டில்தான். இத்தனை மீன்தான் என்ற கணக்குமுண்டு. வசந்தம் தலைகாட்டுமுன்பே, முட்டையிட இருக்கும் சில மீன்களைப் பிடிக்கும் பருவத்தைச் சட்டம் மூடிவிடும். மனித நடமாட்டமே அரிதான ஏரியில், எண்ணிப் பார்க்க எவருமில்லாத இடத்தில், ஒரு மனிதன் கணக்கோடு நிறுத்திக்கொள்வானானால் அவனும் நம் கண்மாய்க்கரைக்காரனும் ஒரே ஜாதிதான்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். வெள்ளியங்கிரியில் பிறந்து வருகிற நொய்யல் நம் நடுவே ஓடுகிறது. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். அந்த உப்பில் பெரும்பங்கு துணியில் தங்காமல் கழிவுநீரோடு வெளியேறும். ஒவ்வொரு பட்டறையும், "என் ஒருவன் நீரால் ஆறா கெட்டுவிடும்?" என்று கேட்டது. தனித்தனியே பார்த்தால் அது மெய்போலத் தோன்றும். எல்லாரும் சேர்ந்து சொன்னபோது பொய்யாயிற்று. கீழ்ப்பகுதி நிலங்களுக்குப் பாசனம் தர ஒரத்துப்பாளையத்தில் 1992-ல் அணை கட்டி முடித்தார்கள். அதில் தேங்கியதோ நம் சாயக்கழிவு. மீன் செத்து மிதந்தது. தண்ணீர் கேட்டுப் போராடுவது உழவர் வழக்கம். இங்கேயோ, "அதைத் திறந்துவிடாதீர்கள்" என்று உழவரே மன்றாடும்படி ஆயிற்று. இறுதியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவை வெளியே விடாமல் சுத்திகரித்து, அதே நீரைத் திரும்பப் பயன்படுத்த வழி செய்த பிறகே பட்டறைகள் இயங்கலாம் என்றாயிற்று. இடையில் எத்தனையோ வீடுகளில் வேலையின்றி அடுப்பு தணிந்தது.

குற்றம் பட்டறைக்காரருடையது மட்டுமா? அந்தச் சாயத்தில் தோய்ந்த துணியைத் தைத்துத்தான் நாமும் சோறு உண்டோம், கடைக்காரர் பிழைத்தார், கோயில் உண்டியலிலும் அந்தக் காசுதான் விழுந்தது. துண்டு வீசுமுன் இறங்கியவர்களில் நாமும் சேர்த்தி என்பதை மறைத்துப் பயனில்லை. "வயிற்றுக்கு வேறு வழி என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கீழே நிலம் உப்பாகிப்போன உழவனுக்கும் வயிறு ஒன்றுண்டு. என் பசியை அவன் தலையில் ஏற்றி நான் தீர்த்துக்கொண்டால் அது பிழைப்பாகாது, கடனாகும். சொத்தைத் தனக்கென வைத்துக்கொள்ளலாம், ஆனால் அனுபவிக்கும்போது அதைப் பொதுவென எண்ணி இல்லாதவனோடு பகிர ஆயத்தமாயிருக்க வேண்டும் என்று அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் கற்பித்தார். தன் சொத்துக்கே இந்த விதியானால், முதலிலிருந்தே பொதுவான ஆற்றுக்கு என்ன விதி?

ஆறு பெரிய விஷயம், நம்மால் என்ன ஆகும் என்று இருந்துவிட வேண்டாம். லைன் வீட்டில் ஆறு குடும்பத்துக்கு ஒரு குழாய் இருக்கிறதல்லவா? அதுவே நம் கண்மாய். ஆளுக்கு எத்தனை குடம் என்று பேசி வைத்திருக்கிறோமா? இரவு ஷிப்டு முடிந்து தாமதமாக வருகிறவளுக்கு ஒரு குடம் மிச்சம் வைக்கிறோமா? அல்லது விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து டிரம்மை நிரப்பிக்கொள்கிறோமா? பொதுச் சாக்கடையில் குப்பையைத் தள்ளுகிற கை யாருடையது? இந்த வாரம் குடும்ப செபம் முடிந்தபின் பெற்றோர் பிள்ளைகளோடு இதைப் பேசிப் பாருங்கள்.

அந்த வாலிபர் திரும்பி வந்தார். கிடைத்தது இரண்டே கெளுத்தியாம். ஒன்றைப் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் கொடுத்துவிட்டாராம். "நஷ்டம்தான், சாமி" என்று சிரித்தார். அடுத்த வருஷமும் போவாராம்.