தாயின் கட்டிலருகே

கொல்லாமையை உணவிலும் தொழிலிலும் பேணும் நாம், நாவிலும் பேணுகிறோமா? மருத்துவமனையில் குறைமாதக் குழந்தையைப் பெற்றுக் கலங்கிக் கிடக்கும் தாயின் அருகே செல்லும்போது இவ்வினாவை நாம் நமக்குள் எழுப்பிக்கொள்ள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், திட்டக்குடியில் என்னிடம் பயின்ற பெண்ணொருத்தி எட்டாம் மாதத்திலேயே பிரசவித்தாள். குழந்தையை வேறூர் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றுவிட்டனர், தாய் இங்கே. காணச் சென்ற நான், "எல்லாம் முன்வினைப் பயன் அம்மா, மனத்தைத் தேற்றிக்கொள்" என்றேன். "என் வினையா டீச்சர், குழந்தையின் வினையா?" என்று அவள் கேட்டாள். எனக்கு நா எழவில்லை.

வினைக் கொள்கை பொய்யன்று. ஆயினும் அது தம்மைத் தாமே ஆராய்வதற்கு உரியது. பிறரை எடைபோடுவதற்கு உரியதன்று. பிறரைத் துன்பத்திலும் துயரத்திலும் ஆழ்த்துவது அசாதா வேதனீய வினை வந்து சேரக் காரணமாகும் என்று உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் உணர்த்துகிறார். அங்ஙனமாயின், அன்று வினையை ஈட்டியவள் நானே.

பின் செய்யத்தக்கது யாது? திருத்தக்கதேவரின் சீவகசிந்தாமணியில், சுடுகாட்டில் தனியளாய்ச் சீவகனை ஈன்ற விசயைக்கு உதவ வந்த தெய்வம், தன் வடிவில் வரவில்லை. அவளுக்குப் பழகிய சண்பகமாலையின் வடிவில் வந்தது. மகனைப் பிரிய நேர்ந்தவளைத் தேற்றியது. அதன் பின்னரே தவப்பள்ளியில் கொண்டு சேர்த்தது. முதலில் துணை, பிறகே தவம்.

இன்றைய மருத்துவமும் தாய்க்கும் சேய்க்கும் உள்ள நெருக்கத்தின் அருமையை உணர்ந்துள்ளது. எடை குறைந்த குழந்தையைப் பிறந்தவுடனே தாயின் மார்போடு அணைத்து வைத்தால், முதல் 28 நாள்களில் நேரும் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்பதை, இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2021இல் வெளியான ஆய்வு காட்டியது.

சூதக நாள்களில் ஆலயம் செல்ல இயலாவிடினும், பஞ்ச நமஸ்கார மந்திரத்தை மனத்தால் நினைக்க எந்நிலையிலும் தடையில்லை. தாய் விரும்பினால் அதனை அவளுடன் மெல்லச் சொல்லலாம். விரும்பாவிடில், கஞ்சி கொண்டு சென்று அருகில் அமர்ந்திருக்கலாம். அச்சம் நீக்கும் அபயதானமும் நால்வகைத் தானங்களுள் ஒன்றன்றோ?

மறுநாளும் அவளிடம் சென்றேன். வினையைப் பற்றிப் பேசவில்லை. அவள் தாய்ப்பாலைப் பிழிந்தெடுக்கக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டேன். அவள் கணவர் அதனைக் குழந்தைக்குக் கொண்டு சென்றார். அன்பர்களே, பிரசவித்த தாயைக் காணச் செல்லுங்கால் அறிவுரையை வாயிலிலேயே வைத்துவிட்டு உள்ளே செல்வோமாக.